நாஸில் சொந்தப் பாட்டுச் சர்வர்: டிஸ்க் வாங்குவதிலிருந்து டேக் திருத்துவது வரை

ஹால் ஷெல்ஃபில் ஒரு கட்டு எம்பி3 சிடி, பழைய கம்ப்யூட்டரில் 'நியூ ஃபோல்டர் 3', காரில் செருகியபடியே கிடக்கும் பென்டிரைவ், யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க். பல வீடுகளில் பாட்டு இப்படித்தான் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. அத்தனையையும் ஒரு நாஸ் பெட்டியில் (வீட்டு ரவுட்டரோடு இணைந்து எப்போதும் ஓடும் டிஸ்க் பெட்டி) சேர்த்து, ஃபோனிலும் ஹால் ஸ்பீக்கரிலும் கேட்கும்படி செய்ய என்னென்ன வேண்டும், எங்கே கை சுடும் என்பதை இங்கே பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சர்வர் மென்பொருளை நிறுவுவது அரை மணி நேர வேலை. பாட்டுகளின் டேக்கை, அதாவது கோப்புக்குள் எழுதியிருக்கும் பெயர், பாடகர், படம் போன்ற விவரங்களை, ஒழுங்குபடுத்துவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். 'எல்லாம் போட்டாச்சு, ஆனா ஒரு பாட்டும் தேடினா கிடைக்கல' என்று கைவிடுகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது வேலையில்தான். அதனால் இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

எந்த மென்பொருள்?

இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டை எடுத்துக்கொண்டால் போதும்.

நாவிட்ரோம் சின்ன மென்பொருள். ரேமை அதிகம் கேட்காது. சப்சோனிக் என்ற பொது முறையைப் பேசுவதால் அதற்கென எழுதப்பட்ட ஃபோன் ஆப்கள் நிறைய: ஆண்ட்ராய்டில் இலவசமாக அல்ட்ராசோனிக், காசு கொடுத்தால் சிம்ஃபோனியம், ஐஃபோனில் ஆம்பர்ஃபை. ஃபோனில் ஹெட்செட் மாட்டிக் கேட்பவர்களுக்கு இதுவே சரி. ஆனால் நாவிட்ரோம் உங்கள் ஃபோல்டர் பெயர்களைச் சட்டை செய்யாது. பாட்டுக்குள் எழுதியிருக்கும் டேக்தான் அதற்குக் கணக்கு.

லிரியன் மியூசிக் சர்வர் பழைய ஆள். ஸ்லிம் டிவைசஸ் தொடங்கியது. 2006-ல் லாஜிடெக் கைக்குப் போனது. 2012-ல் இதோடு சேர்ந்து ஓடும் ஸ்குவீஸ்பாக்ஸ் பிளேயர் பெட்டிகளின் தயாரிப்பு நின்ற பிறகும் மென்பொருளை ஆர்வலர்கள் விடாமல் வளர்த்து, 2024-ல் இந்தப் புதுப் பெயரைச் சூட்டினார்கள். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் ஒன்று என ஸ்பீக்கர் வைத்து ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஓடவிட இதுதான். ஃபோல்டர் வாரியாகவும் பாட்டைக் காட்டும். டேக் திருத்தவே முடியாது என்பவர்களுக்கு இதுதான் புகலிடம்.

இரண்டையும் ஒரே நாஸில் ஒரே பாட்டு ஃபோல்டரைக் காட்டி ஓட்டலாம். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

பெட்டி, டிஸ்க், கத்திரி வெயில்

பாட்டுச் சர்வருக்குப் பெரிய புராசசர் தேவையில்லை. இரண்டு டிஸ்க் போடும் சினாலஜி டிஎஸ்223 போன்ற 2 ஜிபி ரேம் பெட்டியே தாராளம். கீழே உள்ள படிகள் சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2-ஐ வைத்துச் சொல்லப்படுகின்றன. டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிக் கூட்டில் அடைத்து ஓட்டும் முறை) ஓடும் வேறு நாஸ் என்றாலும் படிகள் இவையே, மெனுவின் பெயர்தான் மாறும்.

இடக் கணக்கு: சிடி தரத்தில் எஃப்எல்ஏசி (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) ஆக்கினால் ஓர் ஆல்பம் சுமார் 300 முதல் 350 எம்பி. ஒரு டிபியில் ஏறக்குறைய 3,000 சிடி அடங்கும். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு 2.4 எம்பி. ஆக, வெறும் பாட்டுக்கு 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி ஒன்றின் நகலாக மற்றொன்றை வைத்தால் (ரெய்டு 1) பல வருஷம் ஓடும். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையிலோ ஆன்லைனிலோ வாங்கும்போது 'சிஎம்ஆர்' (தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் எழுதும் வகை) டிஸ்க்தானா என்று கேளுங்கள். சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் இரண்டும் அந்த வகை. 'பிளஸ்' இல்லாத டபிள்யூடி ரெட்டில் எஸ்எம்ஆர் வகையும் உண்டு. டிஸ்க் மாற்றி ரெய்டை மறுபடி கட்டும்போது அது இழுத்தடிக்கும்.

சினாலஜி தன் பெட்டிகளுக்குச் சொல்லும் அறை வெப்ப வரம்பு 40 டிகிரி. மதுரையில் கத்திரி வெயிலின்போது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை அந்த எண்ணைச் சுலபமாகத் தொட்டுவிடும். பரண், மூடிய டிவி ஷோகேஸ், ஏசி வெளிப்பெட்டிக்குப் பக்கத்து ஜன்னல் மூன்றும் ஆகாது. தரைத்தளத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எறும்பு ஏறாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது. சிரிக்க வேண்டாம், அடாப்டரின் கதகதப்பு அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாஸ் 15 முதல் 20 வாட் இழுக்கும். இரவு பகல் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 22 முதல் 29 யூனிட்தான். கவலை பில்லில் இல்லை, கரண்ட் போகும் நொடியில்தான் இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் இருந்தாலும், 'பேட்டரி தீரப்போகுது' என்று அதனால் நாஸுக்குச் சொல்ல முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய கரண்ட் சாயங்காலம் வரை வராத நாளில் பேட்டரி தீர்ந்து, டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். பின்பக்கம் யுஎஸ்பி போர்ட் உள்ள 600 விஏ யுபிஎஸ் ஒன்றை வாங்கி அதை நாஸோடு இணையுங்கள். எல்லா மாடலிலும் அந்தப் போர்ட் இருப்பதில்லை, பார்த்து வாங்கவும். 'ஹார்ட்வேர் அண்ட் பவர்' பகுதியில் யுபிஎஸ் ஆதரவை இயக்கி, கரண்ட் போன 5 நிமிடத்தில் பத்திரமாக நிற்கும்படி வையுங்கள். அதே பகுதியில், கரண்ட் வந்ததும் தானாக இயங்கும் தேர்வையும் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் யாராவது போய் பட்டனை அழுத்தும் வரை சர்வர் தூங்கும். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் சில யுபிஎஸ்கள் அந்த மின்சாரத்தை ஏற்காமல் பேட்டரிக்கே தாவிக்கொண்டிருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தகராறு இல்லை.

நாஸை ரவுட்டரோடு கேபிளில்தான் இணைக்க வேண்டும். பிறகு ரவுட்டரில் அதற்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். உதாரணத்துக்கு 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். இதை விட்டுவிட்டால் ஒரு நாள் ரவுட்டர் அணைந்து எரிந்ததும் முகவரி மாறும், எல்லா ஃபோனிலும் ஆப் 'சர்வர் இல்லை' என்னும்.

ஃபோல்டரை அமைப்பது

'மியூசிக்' என்று ஒரு ஷேர்டு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் 'பாடல்கள்' என்று ஒரு துணை ஃபோல்டர் வையுங்கள். சர்வருக்குக் காட்ட வேண்டியது அந்தத் துணை ஃபோல்டரை மட்டுமே. காரணம், சினாலஜி அழித்த கோப்புகளை வைக்கும் ரீசைக்கிள் ஃபோல்டர் ஷேர்டு ஃபோல்டரின் தலைமட்டத்தில் இருக்கும். அதையும் சேர்த்துக் காட்டினால் நீங்கள் அழித்த பாட்டெல்லாம் ஆவியாகத் திரும்பி வரும்.

ஷேர்டு ஃபோல்டரை என்கிரிப்ட் செய்ய வேண்டாம். பாட்டுக்கு என்ன ரகசியம்? என்கிரிப்ட் செய்த ஃபோல்டரில் கோப்புப் பெயருக்கு 143 பைட்தான் இடம். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். மெய்க்குப் புள்ளி, உயிர்மெய்க்குக் கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு. ஆக 47 குறியீடுதான் அடங்கும், அதாவது ஏறக்குறைய 25 எழுத்து. 'பாடகர் - பல்லவி வரி' என்று பெயர் வைத்த கோப்புகள் நகலாகாமல் பாதியில் நிற்கும். சாதாரண ஃபோல்டரில் 255 பைட், அதாவது 85 குறியீடு.

நாவிட்ரோமை நிறுவுவது

1. பேக்கேஜ் சென்டரில் 'கன்டெய்னர் மேனேஜர்' நிறுவுங்கள். அது 'டாக்கர்' என்ற ஷேர்டு ஃபோல்டரையும் உருவாக்கும். அதற்குள் 'நாவிட்ரோம்' என ஒரு ஃபோல்டர் வையுங்கள்.

2. கன்டெய்னர் மேனேஜரின் 'ரெஜிஸ்ட்ரி'யில் ஆங்கிலத்தில் நாவிட்ரோம் என்று தேடினால் பல வரும். 'டெலுவான்' என்ற பெயரின் கீழ் இருப்பதுதான் அசல். 'லேட்டஸ்ட்' பதிப்பை இறக்குங்கள்.

3. அதிலிருந்து கன்டெய்னர் உருவாக்கும்போது 'ஆட்டோ ரீஸ்டார்ட்' டிக் செய்யுங்கள்.

4. போர்ட்: இரண்டு பக்கமும் 4533.

5. வால்யூம்: டாக்கருக்குள் வைத்த நாவிட்ரோம் ஃபோல்டரை உள்ளே 'டேட்டா' என்ற பாதைக்கும், பாடல்கள் ஃபோல்டரை 'மியூசிக்' என்ற பாதைக்கும் இணையுங்கள். உள் பாதைகளை ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தில், முன்னால் ஒரு சாய்கோடு போட்டு எழுத வேண்டும். பாடல்கள் ஃபோல்டருக்கு 'ரீட்-ஒன்லி' வையுங்கள். சர்வருக்கு உங்கள் பாட்டைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

6. இயக்கிவிட்டு, கம்ப்யூட்டர் பிரவுசரில் 192.168.1.50 என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து, 4533 சேருங்கள். முதலில் உருவாக்கும் கணக்குதான் அட்மின். வீட்டில் மற்றவர்களுக்குத் தனிக் கணக்கு கொடுங்கள்; இல்லாவிட்டால் 'அடிக்கடி கேட்டவை' பட்டியலில் உங்கள் தோடியும் பையனின் குத்துப்பாட்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

டேட்டா பாதையை இணைக்க மறப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அன்றைக்கு எல்லாம் ஓடும். அடுத்த முறை புதுப் பதிப்புக்கு மாறும்போது கன்டெய்னரோடு பிளேலிஸ்ட், கணக்கு, கேட்ட எண்ணிக்கை எல்லாம் போய்விடும். கன்டெய்னரைக் கட்டமைப்புக் கோப்பு வழியாக உருவாக்குபவர்கள் பயனர் எண் கொடுத்திருந்தால் (சினாலஜியில் முதலில் உருவாக்கிய பயனருக்கு வழக்கமாக 1026, குழுவுக்கு 100), டேட்டா ஃபோல்டரில் அந்தப் பயனருக்கு எழுதும் அனுமதி வேண்டும். இல்லையென்றால் கன்டெய்னர் எழுந்து எழுந்து விழும். லாகில் 'பெர்மிஷன்' என்ற சொல் தெரியும்.

டேக்: உண்மையான வேலை

முதல் ஸ்கேன் முடிந்ததும் திரையில் தெரிவது அநேகமாகக் குப்பை. ஒரு படத்தின் ஆறு பாட்டும் ஆறு ஆல்பமாக நிற்கும். காரணம் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற டேக் காலியாக இருப்பது. அது காலி என்றால் சர்வர் பாடகர் பெயரை எடுத்துக்கொள்ளும். ஆறு பாட்டுக்கு ஆறு பாடகர், ஆறு ஆல்பம். சினிமாப் பாட்டுக்கு இப்படி வையுங்கள்: ஆல்பம் = படத்தின் பெயர், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் = இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட் = பாடியவர்கள், வருடம் = படம் வந்த வருடம். வெளியீட்டுத் தேதி எல்லாப் பாட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் வேறாக இருந்தாலும் ஆல்பம் இரண்டாகப் பிளக்கும்.

இருவர் பாடியது என்றால் பெயர்களுக்கு நடுவே அரைப்புள்ளியும் ஓர் இடைவெளியும் போடுங்கள். 'டி.எம்.சௌந்தரராஜன்; பி.சுசீலா' என்றால் நாவிட்ரோம் இரண்டு பேராகப் பிரிக்கும். காற்புள்ளி போட்டால் அந்த ஜோடியே ஒரே ஆளாகிவிடும்.

கர்நாடக இசைக்கு: பெயர் = கிருதி, ஆர்ட்டிஸ்டும் ஆல்பம் ஆர்ட்டிஸ்டும் = பாடியவர், கம்போசர் = இயற்றியவர். ராகத்துக்கு எல்லா ஆப்பும் காட்டும் தனி இடம் இல்லை. எங்கள் தேர்வு 'ஜானர்'. 'கர்நாடக இசை; மோகனம்' என்று இரண்டாகப் போட்டால் எந்த ஆப்பிலும் ராகம் வாரியாகக் கேட்கலாம். கச்சேரிப் பதிவுகளுக்கு 'லைவ் கான்சர்ட்' என்று மட்டும் ஆல்பம் பெயர் வைத்தால் மதுரை சோமுவின் எல்லாக் கச்சேரியும் ஒரே ஆல்பமாகக் குவியும். இடமும் வருடமும் சேர்த்து எழுதுங்கள்.

இனி தமிழில் டேக் எழுதுகிறவர்களுக்கு வரும் வினை ஒன்று. டி.எம்.எஸ். மதுரைக்காரர், இந்த ஊர்த் தொகுப்பில் அவர் பாட்டு நூற்றுக்கணக்கில் இருக்கும். சர்வரில் பார்த்தால் அவர் மூன்று ஆளாக நிற்பார், மூன்று பெயரும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். 'சௌ' என்ற எழுத்தைக் கம்ப்யூட்டரில் மூன்று விதமாக எழுத முடியும் என்பதுதான் காரணம். ஔகாரக் குறியை ஒரே குறியீடாகப் போட்டது ஒன்று. கொம்பையும் ஔகார நீட்டலையும் தனித்தனிக் குறியீடாக வைத்தது இன்னொன்று; பழைய மேக் கம்ப்யூட்டரிலிருந்து வந்த கோப்புப் பெயர்களில் இது சகஜம். மூன்றாவது, தட்டச்சு செய்தவர் கொம்பு போட்ட 'செ'க்குப் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தையே அடித்தது. ஒகர, ஓகாரக் குறிகளிலும் முதல் இரண்டு வகைச் சிக்கல் உண்டு. மோகனம், தோடி, காம்போதி, ஆபோகி என ராகங்கள் பலவற்றில் 'ஓ' ஒலி இருப்பதால் ஜானர் பட்டியலில் இரண்டு மோகனம் அக்கம்பக்கமாக நிற்கும்.

விண்டோஸில் எம்பி3டேக் இதற்கு நல்ல கருவி. ஆர்ட்டிஸ்ட் நெடுவரிசையைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் பிரிந்து நிற்பது தெரிந்துவிடும். அத்தனையையும் தேர்ந்தெடுத்து, சரியான பெயரை ஒரு முறை ஒட்டிச் சேமியுங்கள். 'கொம்பு, ள' என்று வரும் இடமெல்லாம் ஔகாரமாக்கு என்று ஒட்டுமொத்தமாகக் கட்டளை கொடுத்துவிடாதீர்கள். 'வெள்ளி', 'தெளிவு' எல்லாம் உருக்குலைந்துவிடும். முழுப் பெயரையும் கொடுத்து மாற்றுவதுதான் பாதுகாப்பு.

எம்பி3டேக் அமைப்பில் ஐடி3வி2.3, யுடிஎஃப்-16 என்று வையுங்கள். பழைய கார் செட்டும் அதைப் படிக்கும், தமிழும் கெடாது. ஐடி3வி1 எழுதுவதை நிறுத்திவிடுங்கள். அதில் ஒரு பெயருக்கு 30 பைட்தான் இடம். 'சுப்புலட்சுமி' என்பதற்கே 13 குறியீடு, 39 பைட் வேண்டும். 2000-களின் எம்பி3 சிடிக்களில் டேக் பூச்சி எழுத்தாகத் தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறைகளில் எழுதப்பட்டிருக்கும். அதை மாற்ற முயல்வதைவிட அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது சீக்கிரம் முடியும்.

தானாக டேக் பொருத்தும் பிகார்டு மென்பொருளை மேல்நாட்டு ஆல்பங்களுக்கு நம்பலாம். தமிழ்ப் படப் பாட்டை அது ஏதாவது 'ஹிட்ஸ்' தொகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். சேமிக்கும் முன் ஒரு முறை கண்ணால் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்த உட்காராதீர்கள். திருத்தாதவற்றை 'வரவு' என்று சர்வருக்குக் காட்டாத தனி ஃபோல்டரில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து ஆல்பம் என்று திருத்தி 'பாடல்கள்' ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். நகர்த்திய பிறகும் பட்டியலில் வரவில்லை என்றால், அட்மின் கணக்கில் வலது மேல் மூலையில் ஸ்கேன் பட்டன் இருக்கிறது.

சத்தம் சமமாக

பழைய பாட்டு மெதுவாகவும் அடுத்து வரும் புதுப் பாட்டு காதைக் கிழித்தும் ஒலிப்பதைத் தவிர்க்க ரீப்ளேகெயின் டேக் எழுத வேண்டும். ஃபூபார்2000 மென்பொருளில் ஃபோல்டரைப் போட்டு ஸ்கேன் செய்தால் போதும். பாட்டின் ஒலியை அது தொடாது, டேக் மட்டும் எழுதும். ஃபோன் ஆப்பில், கலந்து ஓடும் சினிமாப் பாட்டுக்கு 'டிராக்', கச்சேரிக்கு 'ஆல்பம்' என்று வையுங்கள். கச்சேரிக்கும் 'டிராக்' வைத்தால் மெதுவாகத் தொடங்கும் ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும்.

ராகம், தானம், பல்லவி என்று பிரித்த பதிவுகளில் பாட்டுக்கு நடுவே இடறல் வரக்கூடாது. எஃப்எல்ஏசியில் அந்தச் சிக்கல் இல்லை. எம்பி3யில் கோப்பின் முன்னும் பின்னும் சிறு வெற்றிடம் சேர்வதால் சில ஆப்களில் தடுக்கும். ஆப்பில் கேப்லெஸ் இயக்கி, கிராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள். இன்னொன்று, 1968-ல் மறைந்த மதுரை மணி ஐயரின் கச்சேரி கேசட்டை 24 பிட்டில் மாற்றுவதால் துல்லியமாவது டேப்பின் இரைச்சல் மட்டுமே. 16 பிட் போதும்.

ஹால் ஸ்பீக்கருக்கு லிரியன்

லிரியனையும் கன்டெய்னராகவே போடலாம். நெட்வொர்க்கை 'ஹோஸ்ட்' என்று தேர்ந்தெடுங்கள். இது 9000, 9090, 3483 ஆகிய போர்ட்களைப் பயன்படுத்தும். பிளேயர்கள் சர்வரைத் தேடிக் கண்டுபிடிப்பது 3483 வழியாக. 9000-ல் ஏற்கெனவே போர்டெய்னர் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) ஓடினால் இரண்டும் முட்டும்.

ஹாலில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரை வீச வேண்டாம். ஒரு ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர்), அதன் மேல் ஒரு டிஏசி போர்டு (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான ஒலிச் சைகையாக மாற்றுவது), பைகோர்பிளேயர் என்ற இலவச மென்பொருள்; பையிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸுக்கு ஒரு வயர். பைகோர்பிளேயர் முழுவதும் ரேமில் ஓடுவதால், பட்டென்று கரண்ட் போனாலும் எஸ்டி கார்டு கெடுவதில்லை. நம் ஊருக்கு இதுவே பெரிய வரம். ஒவ்வொரு பிளேயருக்கும் தனி அலாரம் வைக்கலாம்: மார்கழியில் காலை 5 மணிக்குப் பூஜை அறையில் மட்டும் பக்திப் பாட்டு, மாடியில் தூங்குகிறவர்களுக்குத் தொல்லை இல்லை.

முதல் பாட்டு தொடங்கப் பத்து நொடி ஆகிறது, சமயத்தில் ஆப் 'இணைப்பு இல்லை' என்கிறது என்றால் டிஸ்க் தூங்கி எழுகிறது என்று அர்த்தம். நாஸ் அமைப்பில் டிஸ்க் ஹைபர்னேஷனை நிறுத்துங்கள், அல்லது நேரத்தைக் கூட்டுங்கள். பிளேயர் கண்ணிலேயே படவில்லை என்றால் அது ரவுட்டரின் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேக்கப்

ரெய்டு பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். தவறுதலாக அழித்ததை இரண்டு டிஸ்கிலும் ஒருசேர அழிக்கும். யுஎஸ்பி டிஸ்க் ஒன்றில் ஹைப்பர் பேக்கப் வழியாக 'மியூசிக்', 'டாக்கர்' இரண்டு ஷேர்டு ஃபோல்டரையும் எடுங்கள். நாவிட்ரோம் ஓடும்போதே அதன் டேட்டாபேஸை நகலெடுத்தால் நகல் பழுதாகலாம். கன்டெய்னரை நிறுத்திவிட்டு எடுக்கவும். எடுத்ததும் அந்த டிஸ்கைக் கழற்றி வேறு வீட்டில், உசிலம்பட்டியிலோ மேலூரிலோ உறவினர் வீட்டு பீரோவில் வையுங்கள்.

வீட்டுக்கு வெளியே

பல ஃபைபர் இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. ரவுட்டரின் வான் (இணையப் பக்க) முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எட்டாது. திறக்காமல் இருப்பதே பாதுகாப்பும்கூட. பேக்கேஜ் சென்டரில் டெயில்ஸ்கேலை (உங்கள் கருவிகளை மட்டும் இணையம் வழியே தனி வலையாக இணைக்கும் மென்பொருள்) நிறுவி, ஃபோனிலும் அதே கணக்கில் நுழையுங்கள். பிறகு டெயில்ஸ்கேல் நாஸுக்குக் கொடுக்கும் முகவரியை, 4533 சேர்த்து, ஆப்பில் எழுதினால் எங்கிருந்தும் பாட்டு வரும்.

மாட்டுத்தாவணியில் சென்னை பஸ் ஏறுகிறீர்கள், எட்டு மணி நேரம். எஃப்எல்ஏசியாகவே கேட்டால் மணிக்கு சுமார் 400 எம்பி வீதம் 3.2 ஜிபி போகும். தினசரி 2 ஜிபி டேட்டா திண்டிவனத்துக்கு வெகுமுன்பே தீர்ந்துவிடும். ஆப்பில் 'மொபைல் டேட்டா' தரத்தை ஓபஸ் 128 கேபிபிஎஸ் என்று வைத்தால் நாஸே மாற்றி அனுப்பும். மணிக்கு 58 எம்பி, எட்டு மணி நேரத்துக்கு 460 எம்பி. பஸ் ஏறும் முன் வீட்டு வைஃபையிலேயே ஒரு பிளேலிஸ்டை ஃபோனுக்கு இறக்கிக்கொண்டால் அதுவும் செலவில்லை.